நடை வந்துவிட்டது... வாழ்க்கை வந்துவிட்டதா?

"எப்படிங்க இருக்கீங்க?"

"நல்லா இருக்கார் டாக்டர். நாலே மாசத்துல நடக்க ஆரம்பிச்சுட்டார். தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வர்றார். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் வேளாவேளைக்கு நானே கொடுத்துடறேன். சாப்பாட்டுல உப்பையும் குறைச்சாச்சு..."

இத்தனையும் சொன்னவர் மனைவி. நான் கேள்வி கேட்டதோ அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரிடம்! ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மூளையின் இடது பக்கத்து ரத்தக்குழாயில் அடைப்பு. அதனால் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. கால் ஓரளவு தேறிவிட்டது. கை இன்னும் தோளோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. பேச்சு வருகிறது, ஆனால் வேண்டிய வார்த்தை வேண்டிய நேரத்தில் கிடைக்காது. மனைவி பேசப் பேச அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காகிதத்தை எடுத்து நேராக ஒரு கோடு போட்டேன். கீழ் முனையில் 0. மேல் முனையில் 100. "சார், நீங்க எவ்வளவு தேறியிருக்கீங்கன்னு நீங்களே ஒரு மார்க் போடுங்க" என்று பேனாவை இடது கையில் கொடுத்தேன். நாற்பது வருஷம் மாணவர்களுக்கு மார்க் போட்ட கை அல்ல அது. என்றாலும் மெல்ல ஒரு கோடு கிழித்தார். முப்பதுக்குப் பக்கத்தில்.

அந்த அம்மாள் பதறிவிட்டார். "என்னங்க இது! அதான் நடக்கறீங்களே!"

உங்கள் வீட்டிலும் பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருப்பவர் யாராவது இருக்கலாம். அப்பா, அம்மா, மாமியார், கணவர், ஏன், உங்களுக்கே கூட வந்திருக்கலாம். அந்த மீதி எழுபது மார்க் எங்கே போயிற்று என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

நான் போட்ட கோடு என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1999-ல் அமெரிக்காவில் பக்கவாத நோயாளிகளுக்கென்றே ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார்கள். கை கால் பலம், கையின் வேலை, அன்றாடக் காரியம், நடமாட்டம், பேச்சு, ஞாபகமும் யோசனையும், மனநிலை, நாலு பேரோடு கலந்துகொள்வது என்று எட்டு பிரிவு. கடைசியில் இந்த 0 முதல் 100 வரையிலான அளவு. அதற்கு முன்பே 1965-ல் வந்த பார்த்தல் அளவுகோல் ஒன்று உண்டு. இன்றைக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தானாகச் சாப்பிடுகிறாரா, குளிக்கிறாரா, உடுத்துகிறாரா, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, படி ஏறுகிறாரா... இப்படிப் பத்து கேள்வி. மொத்தம் 100 மார்க். அதைத் தயாரித்தவர்களே ஒரு எச்சரிக்கை செய்திருந்தார்கள். நூற்றுக்கு நூறு வாங்கியவர்கூடத் தனியாகக் குடித்தனம் நடத்துவார் என்று அர்த்தம் இல்லை. சமைக்கவோ வெளியாரோடு பழகவோ முடியாமல் இருக்கலாம் என்று. நம் வீடுகளில் அந்த எச்சரிக்கையை மறந்துவிட்டு, "நடக்கிறாரா?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். நோயாளிக்குப் பதிலாக வீட்டுக்காரர்களைக் கேட்டால், பதில் பல சமயம் ஒத்துப்போவதில்லை. பெரும்பாலும் வீட்டுக்காரர்கள்தான் நிலைமையை மோசமாகச் சொல்வார்கள். நோயாளி "பரவாயில்லையே" என்பார். எங்கள் ஆசிரியர் வீட்டில் அது தலைகீழ். ஆகவே, யார் சொல்வது சரி என்று வாதம் பண்ண வேண்டாம். அவரைக் கேளுங்கள், அவ்வளவுதான். பேச வராவிட்டால் கோடு போட்டுக் கொடுங்கள்.

எந்தக் கையால் சாப்பிடுவது?

ஆசிரியரிடம் தனியாகப் பேசினேன். அரை மணி நேரம் ஆயிற்று. வார்த்தைக்குக் காத்திருந்தால் வந்தது. நாலு மாதத்தில் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து. ஒன்றுக்கும் அவர் போகவில்லை. "அலைச்சல் வேணாமேன்னு நாங்கதான் விட்டுட்டோம்" என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மைக் காரணம் வேறு. பந்தியில் உட்கார்ந்து இலையில் இடது கையை வைத்துச் சாப்பிட வேண்டுமே!

மேல்நாட்டுப் புத்தகங்களில் இந்தச் சங்கடத்துக்கு ஒரு வரி கிடையாது. ஸ்பூனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினால் அவர்களுக்கு வேலை முடிந்தது. நமக்கு வலது கை சோற்றுக்கு, இடது கை கழுவுவதற்கு. வலது பக்கம் விழுந்தவருக்கு, சாப்பாடு, விபூதி வாங்குவது, மொய் கொடுப்பது, குழந்தையின் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுவது எல்லாமே கூச்சமாகிவிடுகிறது. இடது பக்கம் விழுந்தவருக்கு வேறு விதமான அவமானம். கழுவிக்கொள்ள இன்னொருவர் வர வேண்டும். வாயைத் திறந்து யாரிடமும் சொல்ல மாட்டார். மாறாக, சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார். வயிறு லேசாக இருந்தால் அடிக்கடி போக வேண்டாமே என்ற கணக்கு!

இதற்குப் பெரிய வைத்தியம் எதுவும் தேவையில்லை. வீட்டில் நீங்களே முதலில் அவரோடு உட்கார்ந்து ஸ்பூனால் சாப்பிட்டுப் பாருங்கள். பேரன் பேத்திகள் முன்னால் "தாத்தா இடது கையால சாப்பிடறார்" என்ற பேச்சே எழக் கூடாது. விளிம்பு உயர்ந்த தட்டு, அடியில் ஈரத்துணி (தட்டு நகராது), கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிய ஸ்பூன். இவ்வளவு போதும். கக்கூஸில் உட்கார்கிற வகைக் கம்மோடு, பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடி, நல்ல கைக்கு எட்டுகிற இடத்தில் ஹேண்ட் ஷவர். ஒரு மாத பிசியோதெரபி செலவைவிட இது குறைவாகத்தான் ஆகும். இதனால் அவருக்குத் திரும்பக் கிடைக்கிற மானத்துக்கு விலை கிடையாது.

கையெழுத்தும் அப்படித்தான். ஊருக்கே எழுத்து சொல்லிக்கொடுத்தவரிடம் பென்ஷன் காகிதத்தில் "பெருவிரல் வையுங்க" என்று சொன்னபோது எப்படி இருந்திருக்கும்! கைநாட்டு வைப்பது சட்டப்படி செல்லும்; சாட்சியோடு வங்கியும் ஏற்கும். ஆனால் இடது கையால் கையெழுத்துப் போடப் பழகி, புது மாதிரிக் கையெழுத்தை வங்கியில் பதிந்துகொள்ளவும் முடியும். இரண்டுகோடு நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். தினம் ஒரு பக்கம். மூன்று மாதத்தில் என் ஆசிரியருடைய கையெழுத்து என் கையெழுத்தைவிட நன்றாக இருந்தது (அதற்கு அதிகம் பாடுபட வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்!).

பேச்சு போச்சு, புத்தி போகலை

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சின் இருப்பிடம் மூளையின் இடது பாதி. அதனால்தான் வலது கை கால் விழுகிறவர்களில் பலருக்குப் பேச்சும் சேர்ந்து அடிபடுகிறது. சிலருக்குப் புரியும், சொல்ல வராது. சிலர் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் நமக்கு ஒன்றும் புரியாது. "ஆமாம்" என்று நினைத்து "இல்லை" என்பவர்களும் உண்டு. காபி வேண்டுமா என்று கேட்டு "வேண்டாம்" என்ற பதிலோடு எழுந்துபோகாதீர்கள். டம்ளரைக் காட்டிக் கேளுங்கள்.

காது நன்றாகக் கேட்கிறவரிடம் ஏன் கத்துகிறோம்? குழந்தையிடம் பேசுகிற மாதிரி ஏன் கொஞ்சுகிறோம்? அவர் வார்த்தை தேடித் தவிக்கும்போது நாம் முந்திக்கொண்டு அந்த வாக்கியத்தை முடித்துவிடுகிறோம். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறோம். அவருக்கோ, வாயைப் பொத்திய மாதிரி இருக்கிறது. ஒரு கேள்வி கேளுங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். டி.வி.யை அணைத்துவிட்டுக் கேளுங்கள். படம், கை ஜாடை, எழுத்து எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு அதிசயம் சொல்கிறேன். தண்ணீர் என்ற ஒரு வார்த்தை வராமல் தவிப்பவர் பழைய சினிமாப் பாட்டை முழுசாகப் பாடுவார். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவார். தினம் சொன்ன சாமி சுலோகம் தடங்கலில்லாமல் வரும். சிலருக்கு வசவு மட்டும் சுத்தமாக வரும்! "வேணும்னே நடிக்கறார்" என்று வீட்டில் சண்டை நடந்ததைப் பார்த்திருக்கிறேன். நடிப்பு இல்லை. மனப்பாடமாகிப் போனவை மூளையில் வேறு பாதையில் வருகின்றன. பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள் இதையே ஏணியாக வைத்து, ராகம் போட்டுச் சின்னச் சின்ன வாக்கியம் சொல்ல வைக்கிறார்கள். கை காலுக்கு பிசியோதெரபிஸ்டைத் தேடுகிற நாம், பேச்சுக்கும் ஒருவர் இருக்கிறார் என்பதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. பேச்சு, கை காலைவிட மெதுவாக, ஆனால் ரொம்ப நாள் வரைக்கும் தேறிக்கொண்டே வரும். வருஷக் கணக்கில்கூட.

"பிடிவாதம் ஜாஸ்தியாயிடுச்சு டாக்டர்"

இந்தப் புகாரை வாரத்துக்கு ரெண்டு தடவையாவது கேட்கிறேன். பயிற்சி செய்ய மாட்டேன் என்கிறார், எதிலும் ஆசை இல்லை, விடியற்காலையில் விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்க்கிறார்... இது பிடிவாதமில்லை, சோம்பலும் இல்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. இப்படி ஆகிவிட்டதே என்ற துக்கம் ஒரு பாதி. அடிபட்ட மூளை செய்கிற வேலை மறு பாதி. மருந்து உண்டு, கேட்கும். மனச்சோர்வைக் கவனிக்காமல் கைக்கும் காலுக்கும் மட்டும் பயிற்சி கொடுப்பது, பெட்ரோல் இல்லாத வண்டியைத் தள்ளுவது மாதிரி.

சிரிப்பும் அழுகையும் கட்டுக்கடங்காமல் வருவது வேறு சங்கதி. துக்க வீட்டில் ஒருவர் சிரித்துவிட்டார். சொந்தக்காரர்கள் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். அவர் மனசில் சிரிப்பே இல்லை. சிரிப்பைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் மூளையில் பழுதாகிவிட்டது. அதற்கும் மாத்திரை உண்டு. உறவினர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அப்புறம் அசதி. குளித்து உடுத்தினாலே அரை நாள் வேலை செய்த மாதிரி களைத்துப்போவார். மதியம் படுக்க விடுங்கள். முக்கியமான வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாம்பத்யம் பற்றி யாரும் கேட்பதில்லை, எங்களில் பலரும் சொல்வதில்லை. மறுபடி வந்துவிடுமோ என்ற பயம் இருவருக்கும் உள்ளுக்குள் இருக்கும். பிரஷர் கட்டுப்பாட்டில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தடை கிடையாது. வெட்கப்படாமல் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சில மாத்திரைகளால் ஆசை குறையலாம், மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்தக் கூடாது.

வீட்டுக்காரர்களே டாக்டரா?

இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. முடிவு 2017-ல் வெளியானது. பாதிப் பேருடைய குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி செய்ய வைத்தார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து நூற்றுக்கு 47 பேர்!

எனக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்தது. வீட்டில் பயிற்சியே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒன்று தெரிகிறது. "எல்லாத்தையும் வீட்டிலேயே பார்த்துக்குங்க" என்று குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு ஆஸ்பத்திரியும் அரசாங்கமும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பயிற்சி பெற்ற கை வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு பிசியோதெரபியையும் வீட்டுக்கே கொண்டுவருவதாகச் சேர்த்தது அதனால்தான் முக்கியம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு பயிற்சியை மட்டும் சொல்கிறேன். முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று போதும். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வருகிற வலியைப் போக்கக் கண்ணாடியைப் பயன்படுத்தியவர். அவருடைய குழுவினர் அதே உத்தியைப் பக்கவாதக்காரர்கள் ஒன்பது பேரிடம் சோதித்து 1999-ல் எழுதினார்கள். பிறகு வந்த பல ஆய்வுகளும் பலன் இருப்பதாகச் சொல்கின்றன. மேஜையில் இரண்டு கைக்கும் நடுவே கண்ணாடியை நிமிர்த்தி வையுங்கள். கண்ணாடியின் முகம் நல்ல கையைப் பார்க்கட்டும். விழுந்த கை பின்னால் மறைந்திருக்கட்டும். கண்ணாடியைப் பார்த்தபடி நல்ல கையை மூடித் திறக்க வேண்டும். முடிந்தவரை மறைவில் உள்ள கையையும் கூடவே அசைக்க முயல வேண்டும். விழுந்த கை அசைவதாக மூளை ஏமாறுகிறது. அந்த ஏமாற்றம்தான் மருந்து! முறையை மட்டும் ஒருமுறை பிசியோதெரபிஸ்டிடம் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடும். அந்த வலி மாதக்கணக்கில் தூங்க விடாது. சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். தடி நல்ல கையில். படி ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது விழுந்த கால் முன்னால். தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறினால், சாப்பிட்டபின் குரல் கரகரத்தால், அலட்சியம் வேண்டாம். நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். நிமிர்ந்து உட்கார வைத்து, சின்ன வாயாகக் கொடுத்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

புறாக் கறி கொடுக்கலாமா, புறா ரத்தம் தடவலாமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். பலன் கிடையாது. அதைவிடக் கவலை என்னவென்றால், இந்த வைத்தியம் ஆரம்பித்த கையோடு பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருகிற ஆபத்து அதிகம். வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் விளக்கெண்ணெய் தேடாமல் 108-க்குப் போன் பண்ணுங்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

இன்னொரு தகவல். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. கை கால் முடக்கம் மட்டுமல்ல, மூளை பாதிப்பால் நிரந்தரமாகப் பேச்சு போனதும் அதில் சேர்த்தி. நிலைமை ஒரு கட்டத்துக்கு வந்து நின்றபிறகு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் சலுகைகள் உண்டு. "நாங்க என்ன ஊனமுற்றவங்களா?" என்று கோபப்பட்டு விட்டுவிடுகிற குடும்பங்கள் நிறைய.

ஆசிரியர் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். கோடு போட்ட காகிதத்தை அவரே பையிலிருந்து எடுக்கிறார். போன தடவை 55. ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்திருக்கிறார். ஓரத்து இலை, கையில் ஸ்பூன்.

அன்றைக்கு அந்த அம்மாளிடம் திரும்பி, "நீங்க எப்படிங்க இருக்கீங்க?" என்றேன். "எனக்கென்ன டாக்டர், இவர் நல்லா இருந்தா சரி" என்றார். ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறார். அவரைத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு வருஷமாகக் கோயிலுக்குக்கூடப் போகவில்லை. கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தேன். 170-க்கு 100. ஐந்து நிமிஷம் உட்கார வைத்து மறுபடி பார்த்தேன். அதேதான்.

அவர் பெயருக்கும் ஒரு சீட்டு போடச் சொன்னேன்.